ஒரே படம், இரண்டு தீர்ப்பு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஓரிரவு முழுவதும் என் இல்லாள் வலப்பக்கத்துக் கீழ்க் கொடுப்பைக் கையாற் பொத்திப் பிடித்தபடி உறங்காது விழித்திருந்தாள். கராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தாயிற்று, உப்பு நீராற் கொப்பளித்தாயிற்று, நோவு தணிந்தபாடில்லை. விடிந்ததும் விடியாததுமாக அவளை அழைத்துக்கொண்டு ஒரு பல் வைத்தியரிடம் சென்றேன். அவர் வாயைத் திறக்கச் செய்து பார்த்து, இரண்டு பற்களுக்கிடையே சிக்கிக் கிடந்த முருங்கைக்காய்த் தும்பொன்றை இடுக்கியால் இழுத்தெடுத்தார். முரசு வீங்கியதற்குக் காரணம் அதுவே என்றார். அன்று மாலையே நோவு அடங்கிவிட்டது.

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால், "எதற்கும் பார்த்துக்கொள்வோம்" என்று அவர் ஓர் எக்ஸ்-றேப் படமும் எடுத்திருந்தார். அதனைக் கணினித் திரையில் எமக்குக் காட்டி, தும்பு சிக்கியிருந்த இடத்துக்கு அயலிலுள்ள இரண்டு பற்களின் நடுவே தெரிந்த மங்கலான கருநிழலைச் சுட்டினார். "இங்கே சூத்தை தொடங்கிவிட்டது. இரண்டையும் துளைத்து அடைத்துவிட வேண்டும். காலந் தாழ்த்தினால் நரம்புவரை போய்விடும்" என்றார். அதற்கான கட்டணத்தையும் சொன்னார். அத்தொகையைக் கேட்டபோது எனக்கே பல் நோவு வந்தாற்போலிருந்தது.

படத்தின் பிரதியைப் பெற்றுக்கொண்டு வேறொரு வைத்தியரிடம் சென்றோம். அவர் அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார், பின்பு தலையை அசைத்தார். "இது சூத்தையன்று. கதிர் சற்றுச் சரிந்து விழுந்தமையால் ஒரு பல்லின் விளிம்பு மற்றதன்மேல் ஏறித் தெரிகின்றது. அதனால் உண்டான நிழல் இது. ஆறு மாதம் பொறுத்து இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

வீடு திரும்பும் வழியில் என் இல்லாள் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, இரண்டு பேரும் பார்த்தது ஒரே படந்தானே? பிறகேன் இரண்டு கதை?"

அவளுடைய கேள்விக்கு அன்று என்னிடம் விடையிருக்கவில்லை. இருவரில் ஒருவர் கைகாரர், மற்றவர் யோக்கியர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் இருவரும் படித்தவர்கள். இருவர் முகத்திலும் வஞ்சகம் தெரியவில்லை. பின்னர் இவ்விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, இக்கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வி மாத்திரமன்று, நூறாண்டுக்கும் மேலாக வைத்திய உலகமே தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி என்பது புலனாயிற்று.

நிழலை வாசிக்கும் கலை

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி, ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். டிசெம்பர் 22ஆந் திகதி தம் மனைவியின் கையை அக்கதிரினாற் படம் பிடித்தார். விரலெலும்புகளும் மோதிரமும் துலாம்பரமாகத் தெரிந்த அப்படத்தை உலகம் அறியும். அடுத்த மாதமே, அதாவது 1896 ஜனவரியில், ஒட்டோ வோல்கொவ் என்ற ஜேர்மன் பல் வைத்தியர் தம் சொந்தப் பற்களைப் படம் பிடித்துவிட்டார். அதற்காக அவர் இருபத்தைந்து நிமிடம் அசையாது கதிரின் முன் கிடந்தாராம்! இன்று அதே வேலை ஒரு விநாடிக்கும் குறைந்த பொழுதில் முடிகின்றது. படத்தாளுக்குப் பதிலாக இப்பொழுது பல இடங்களிலும் வாய்க்குள் ஓர் உணரியை வைக்கின்றார்கள். படம் உடனே திரையில் தோன்றிவிடுகின்றது.

எடுப்பது எளிதாயிற்று. வாசிப்பது எளிதாயிற்றா? அங்கேதான் சிக்கல் இருக்கின்றது.

எக்ஸ்-றேப் படம் என்பது புகைப்படமன்று, நிழல். தோற்பாவைக் கூத்திற் பாவைகளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி விளக்கேற்றுவது போன்றது. இரண்டு பாவைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் திரையில் ஒரே உருவாய்த் தெரியும். விளக்குச் சற்றுச் சரிந்தால் மெலிந்த பாவையும் தடித்துத் தோன்றும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் உடைய பல்லை நீளமும் அகலமும் மாத்திரமே உள்ள தட்டையான படமாக்கும்போது ஆழம் தொலைந்துபோகின்றது. சுண்ணச்சத்து நிறைந்த பகுதி கதிரைத் தடுத்து வெண்மையாய்த் தெரியும். அச்சத்துக் கரைந்த பகுதி கறுத்துத் தெரியும். வெண்மைக்கும் கருமைக்கும் இடையிலுள்ள எண்ணற்ற சாம்பல் நிறங்களிலிருந்து நோயைப் பிரித்தறிவதே வைத்தியரின் வேலை.

பல்லின் மேற்போர்வையாகிய மிளிரி நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதனடியிற் பன்முதல் என்னும் படையும், அதற்கும் உள்ளே நரம்பும் குருதிக் குழாய்களும் அடங்கிய கூழும் உள்ளன. சூத்தை மிளிரியிலே தொடங்குகின்றது. ஆனால் தொடங்கிய அன்றே படத்திற் தெரிவதில்லை. அவ்விடத்துச் சுண்ணச்சத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு கரைந்து போனபின்னரே நிழல் கண்ணுக்குப் புலனாகும் என்று பல் வைத்திய நூல்கள் கூறுகின்றன. ஆகவே, படத்திற் காணும் சூத்தை உண்மைச் சூத்தையிலும் சிறியதாகவே இருக்கும். வேரடியில் எலும்பு அரிக்கப்படும்போதும் இதே கதைதான். 1961இல் பெண்டர், செல்ற்சர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், தாடையெலும்பின் உட்பகுதியாகிய கடற்பஞ்சு போன்ற எலும்பைச் செயற்கையாகக் குடைந்து படமெடுத்துப் பார்த்தார்கள். வெளிப்புறத்துக் கெட்டியான எலும்புத் தகட்டைத் தொடாதவரை, உள்ளே இருந்த குடைவு படத்திற் தென்படவில்லை! வீட்டுக் கூரையின் உள் மரத்தைக் கறையான் தின்றாலும் ஓடு கலையும்வரை நமக்குத் தெரியாததைப் போன்றது இது.

இருப்பது தெரியாமற் போவது ஒரு பக்கம். இல்லாதது இருப்பதாகத் தோன்றுவது மறுபக்கம். பல்லின் கழுத்துப் பகுதியில், மேலே மிளிரியும் கீழே எலும்பும் கதிரைத் தடுக்க, நடுவிலுள்ள மெல்லிய இடம் மாத்திரம் அதிகம் கறுத்துத் தெரியும். அனுபவமற்றவர் அதனைச் சூத்தையென்றே சொல்வார். கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பற்களின் வேரடிக்கு அருகே நரம்பு வெளிவருவதற்கென இயற்கை அமைத்த துவாரமொன்று உண்டு. படத்தில் அது வேரின் நுனியில் வந்து விழுமாயின், வேரிற் சீழ்க்கட்டி இருப்பதாக எவரும் மயங்குவர். இவற்றுக்கெல்லாம் மேலாக நம் கண்ணே நம்மை ஏமாற்றுகின்றது. வெளிச்சமான பரப்பும் இருண்ட பரப்பும் சந்திக்கும் எல்லையில், இல்லாத ஒரு கருங்கோட்டைக் கண் தானாகவே வரைந்துகொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை விளக்கிய ஏர்ன்ஸ்ட் மாக் என்ற ஒஸ்திரிய அறிஞரின் பெயரால் அதனை மாக் கோடு என்பர். பளிச்சென்று வெண்மையாகத் தெரியும் பழைய அடைப்பொன்றின் கீழே அக்கோடு தோன்றினால், "அடைப்புக்கு அடியில் மறுபடியும் சூத்தை" என்ற தீர்ப்பு வந்துவிடும்.

பல்லிழந்த காலம்

இத்தகைய மயக்கங்களால் விளைந்த கேடு சிறிதன்று. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரித்தானிய வைத்தியர் கனடாவின் மொன்றியல் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். கெட்ட பற்களைக் களையாது அவற்றின்மேல் தங்கத் தொப்பியும் பாலமும் கட்டி வைப்பதனால், அடியில் நச்சுக் கிருமிகள் பெருகி உடலெங்கும் நோய் பரப்புகின்றன என்பது அவர் வாதம். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆனால் அதனைப் பற்றிக்கொண்ட வைத்தியர்கள், மூட்டு வாதம் முதல் மனநோய் வரை சகலத்துக்கும் பல்லின் வேரிலேயே காரணந் தேடத் தொடங்கினார்கள். அக்காலத்தே எக்ஸ்-றேயும் புதிது. அதனை வாசிக்கக் கற்றவர்களோ மிகச் சிலர். வேர் நுனியில் ஒரு நிழல் தெரிந்தாற் போதும், பல் பிடுங்கப்பட்டது. நிழலே தெரியாத பற்களும் ஐயத்தின் பேரிற் பிடுங்கப்பட்டன. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, ட்ரென்ரன் நகர மனநோய் வைத்தியசாலைக்கு 1907 முதல் 1930 வரை தலைவராயிருந்த ஹென்றி கொட்டன் என்பவர், நோயாளிகளின் பற்களைக் கூட்டங் கூட்டமாகப் பிடுங்குவித்தார். பல்லில் ஒளிந்த கிருமியே சித்தப் பிரமைக்குக் காரணம் என்று அவர் மனமார நம்பினார். தம் சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் விட்டுவைக்கவில்லை.

இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஒருவரைப்பற்றி இங்கே சொல்லாமற் போக எனக்கு மனமில்லை. நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பல் வைத்தியர் எட்மண்ட் கெல்ஸ், 1896ஆம் ஆண்டிலேயே எக்ஸ்-றேயைத் தம் தொழிலிற் புகுத்திய முன்னோடி. கதிரின் தீங்கை அறியாத அந்நாளில், ஒவ்வொரு முறையும் கருவியைச் சரிபார்க்கத் தம் கையையே கதிரின் முன் நீட்டிப் பார்த்தார். ஆண்டுகள் கழித்து அக்கையிற் புற்றுநோய் கண்டது. விரல்கள் போயின, பின் கை போயிற்று, பின் புயமும் போயிற்று. வேதனை தாளாது 1928இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எக்ஸ்-றேக்காகத் தம்மையே கொடுத்த அந்த மனிதர்தாம், 1920இல், படத்தைச் சரியாக வாசியாது நல்ல பற்களைப் பிடுங்கியெறிவது இக்காலத்தின் பெருங்குற்றம் என்று தம் தொழிற்றோழர்களின் முகத்துக்கு நேரே கூறினார். எக்ஸ்-றேயை வெறுத்தவர் சொல்லியிருந்தால் எளிதில் ஒதுக்கியிருப்பார்கள். அதற்கு உயிரைக் கொடுத்தவர் சொன்னபோதும் உடனே கேட்டார்களில்லை என்பதுதான் பரிதாபம்.

அளந்து பார்த்தவர்கள்

வாசிப்பவர்களுக்குள் எவ்வளவு வேற்றுமை என்பதை முதன்முதலில் முறையாக அளந்தவர்கள் பல் வைத்தியர்களல்லர். 1940களில் அமெரிக்காவிலே கார்லண்ட் என்ற எக்ஸ்-றே நிபுணரும் யெருசால்மி என்ற புள்ளிவிபர அறிஞரும், காசநோய்க்காக எடுக்கப்பட்ட நெஞ்சுப் படங்களைத் தேர்ந்த நிபுணர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். நோய்க்குறியுள்ள படங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நிபுணர்கள் தவறவிட்டார்கள். சில காலங் கழித்து அதே படங்களை அவர்களிடமே மறுபடி கொடுத்தபோது, முன்பு தாம் சொன்னதையே தாம் மறுத்தவர்களும் உண்டு. வைத்திய உலகம் இதனைக் கேட்டுத் திடுக்கிட்டது.

பல் வைத்தியத்துக்கு அத்தகைய திடுக்கீடு 1972இல் வந்தது. கோல்ட்மன் என்பவரும் அவருடைய துணைவர் இருவரும், வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்யப்பட்ட பற்களின் படங்களை ஆறு பேரிடம் கொடுத்து, "இது குணமாயிற்றா, இல்லையா?" என்று மாத்திரம் கேட்டார்கள். கேள்வி எளியதுதான். ஆயினும் ஆறு பேரும் ஒருமித்து ஒரே விடை சொன்னவை பாதிக்கும் குறைவு! இரண்டாண்டின் பின் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், அதே படங்களை மீண்டும் பார்த்தபோது, தம் பழைய விடையோடு தாமே முரண்பட்டோரும் இருந்தனர்.

இத்தகைய ஆய்வுகளை வாசிக்கும்போது ஒரு நுணுக்கத்தை மறக்கலாகாது. "இரு வைத்தியர் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒத்துப்போயினர்" என்று கேட்டால் நமக்குப் பெரிய ஒற்றுமையாகவே படும். ஆனால் நூறு பற்களில் தொண்ணூறு நல்ல பற்களாயிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் "நல்லது, நல்லது" என்று சொல்லிச் செல்பவனும் தொண்ணூறுக்குச் சரியான விடை சொல்லிவிடுவான். ஆதலால், தற்செயலாக வந்த ஒற்றுமையைக் கழித்துவிட்டு எஞ்சியதையே ஆய்வாளர்கள் கணக்கிற் கொள்வர். கழித்துப் பார்த்தால், பெரிய குழிகளில் ஒற்றுமை நன்றாகவே நிற்கும். தொடக்கச் சூத்தையில் அது வெகுவாக இளைத்துப் போகும்.

2021ஆம் ஆண்டில் கொக்றேன் என்னும் பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு, தொடக்கநிலைச் சூத்தையைப் படங்களாற் கண்டறிவது பற்றி அதுவரை நடந்த எழுபத்தேழு ஆய்வுகளை ஒன்று திரட்டிப் பார்த்தது. கிடைத்த விடை இது: உண்மையிற் சூத்தையுள்ள நூறு இடங்களிற் படத்தினாற் கண்டுகொள்ளப்படுபவை ஏறத்தாழ 47, சூத்தையில்லாத நூறு இடங்களில் "இல்லை" என்று சரியாகச் சொல்லப்படுபவை ஏறத்தாழ 88.

இந்த 88 என்ற எண் நல்ல எண்ணாகத் தோன்றுகின்றதல்லவா? வாசகர்கள் ஒரு கடதாசியை எடுத்து என்னுடன் சேர்ந்து கணக்குப் பாருங்கள். பற்களை ஒழுங்காகப் பேணும் குடும்பமொன்றை எடுத்துக்கொள்வோம். அவர்களின் பற்களில் ஆயிரம் பக்கங்களைச் சோதித்தால், ஐம்பதில் தொடக்கச் சூத்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வைம்பதில் 24 வரை அகப்படும், 26 தப்பிவிடும். எஞ்சிய 950 நல்ல பக்கங்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 114 பக்கங்கள் வீணே குற்றஞ் சாட்டப்படும். ஆக, "சூத்தை" என்று சுட்டப்பட்ட 138 இடங்களில் மெய்யான சூத்தை 24 மாத்திரமே, அதாவது ஆறிலொன்று! வாயில் நோய் குறையக் குறைய, படம் காட்டும் "நோய்"களிற் பொய்யின் பங்கு கூடுகின்றது. என் இல்லாளின் பற்கள் பொதுவில் நல்லவை. முதல் வைத்தியரின் தீர்ப்பை ஐயுறுவதற்கு அதுவே ஒரு காரணமாயிருந்திருக்க வேண்டும் என்பது இக்கணக்கைப் போட்டபின்னரே எனக்கு விளங்கிற்று.

இதனைச் சொல்லும்போது நீதியாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். இவ்வெண்கள் தொடக்கச் சூத்தைக்கு உரியவை. அவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களைக்கொண்டு ஆய்வுகூடத்திற் செய்யப்பட்டவை. வைத்தியர் படத்தை மாத்திரம் பார்ப்பவரல்லர். வாயைப் பார்க்கின்றார், பல்லை உலர்த்திப் பார்க்கின்றார், நோவைப்பற்றிக் கேட்கின்றார். ஆழமான சூத்தையைப் படம் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். அன்றியும், இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடத்திலுள்ள சூத்தையை வெறுங் கண்ணாற் காண்பது அரிது. அதற்காகவே 1925இல் அமெரிக்கரான ஹவார்ட் ரேப்பர், பல்லாற் கடித்துப் பிடித்துக்கொள்ளும் படமுறையை வகுத்தார். ஒரு நூற்றாண்டு கழிந்தும் அதனை வெல்ல வேறொன்று வரவில்லை.

கண்டபின் என் செய்வது?

படத்தில் உள்ளதைக் காண்பது ஒன்று. கண்டபின் துளைப்பதா, பொறுப்பதா என்று தீர்மானிப்பது வேறொன்று. வேற்றுமையின் பெரும்பகுதி இவ்விரண்டாவதிற்றான் என்பது என் துணிபு. 1983இல் பிரித்தானியாவிலே எல்டர்ட்டன், நட்டல் என்ற இருவர், பதினெட்டு இளைஞர்களைப் பதினைந்து பல் வைத்தியரிடம் தனித்தனியே காட்டினார்கள். அடைக்கவேண்டியவை என்று ஒரு வைத்தியர் குறித்தவை அப்பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து 20. மற்றொருவர் குறித்தவை 153. வாய்கள் அவையே, பற்கள் அவையே.

நோர்வே நாட்டு ஆய்வொன்று இதனிலும் சுவையானது. மிளிரியை மாத்திரம் தொட்டு நிற்கும் சூத்தை நிழலைக் காட்டி, "இதனைத் துளைத்து அடைப்பீரா?" என்று அந்நாட்டுப் பல் வைத்தியர்களைக் கேட்டார்கள். 1983இல் நூற்றுக்கு 66 பேர் "ஆம்" என்றனர். 1995இல் அவ்வாறு கூறியோர் 18. 2009இல் 7 மாத்திரமே. கண் மாறவில்லை, கருத்து மாறிற்று. மிளிரியிலுள்ள தொடக்கச் சூத்தை திரும்பிப் போகக்கூடியது என்பதும், புளோரைட் கலந்த பற்பசையும் இனிப்புத் தின்பதில் அடக்கமும் இருந்தால் கரைந்த சத்து மீண்டும் படியக்கூடும் என்பதும், சூத்தை மிளிரியைக் கடக்கப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கிற் செல்லும் என்பதும் அவ்விடைக்காலத்திலே நன்கு வேரூன்றின. துளைத்த பல்லோ மீள்வதில்லை. இன்று வைத்த அடைப்பு ஒருநாள் உடையும், அதனை எடுத்துவிட்டு முன்னதிலும் பெரிய அடைப்பு வைப்பார்கள், அதுவும் உடைந்தாற் தொப்பி, பின்பு வேர்க்கால்வாய். அநாவசியமான முதலாவது துளையின் விலை அன்று கொடுத்த கட்டணம் மாத்திரமன்று.

பணத்தைப்பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1997 பெப்ரவரியில் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' சஞ்சிகையில் வில்லியம் எக்கன்பார்கர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிய கட்டுரை அந்நாட்டிற் பெரும் புயலைக் கிளப்பிற்று. தம் பற்களின் எக்ஸ்-றேப் படங்களைக் கையிற் கொண்டு அவர் 28 மாநிலங்களில் ஐம்பது பல் வைத்தியர்களிடம் சென்றார். செய்யவேண்டிய வேலைக்கு அவர்கள் சொன்ன தொகை ஐந்நூறு டொலருக்குக் குறைவிலிருந்து முப்பதாயிரம் டொலரை அண்மித்தது வரை ஏறிச் சென்றது! அவர்களுள் பேராசைக்காரர் சிலர் இருந்திருக்கலாம். ஆனால், பணமே புழங்காத ஆய்வுகளிலும், எவருக்கும் ஒரு சதம் இலாபமில்லாத இடத்திலும், வைத்தியர்கள் இவ்வண்ணமே பிரிந்து நின்றதை மேலே கண்டோம். ஆகவே, பேராசை என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. தெளிவில்லாத இடத்திற் பேராசைக்கு வழி அகலமாகத் திறந்திருக்கின்றது என்று மாத்திரம் சொல்லலாம்.

இப்பொழுது இயந்திரமும் இத்துறையிற் புகுந்துவிட்டது. பல்லாயிரம் படங்களைக் கற்ற கணினி, சூத்தையென ஐயுறும் இடத்தை வண்ணக் கோட்டாற் சுட்டிக்காட்டும். இத்தகைய கருவிகள் சிலவற்றுக்கு அமெரிக்க அரசு 2021, 2022ஆம் ஆண்டுகளில் அனுமதி வழங்கிற்று. 2021இல் மான்செஸ்டர் நகரத்து ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தார்கள். கருவியின் துணையின்றிப் பார்த்த வைத்தியர்கள் மிளிரிச் சூத்தையில் நூற்றுக்கு 44 பங்கைக் கண்டார்கள். துணையுடன் பார்த்தவர்கள் 76 பங்கைக் கண்டார்கள். பெருமைப்படத்தக்க முன்னேற்றமே. ஆனால் அதே சோதனையில், நல்ல இடத்தை நல்லதென்று சொல்லும் திறன் 96இலிருந்து 85ஆகக் குறைந்தது. கூரிய காவல்நாய் கள்வனையும் குரைக்கும், தபாற்காரனையும் குரைக்கும். சற்றுமுன் நாம் போட்ட கணக்கை இவ்வெண்களைக்கொண்டு மீண்டும் போட்டுப் பாருங்கள், நான் சொல்வதன் பொருள் விளங்கும்.

நாம் கேட்கக்கூடியவை

குடும்பத் தலைவிகளும் தலைவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. எல்லாவற்றிலும் முதன்மையானது, படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பெட்டியிற் பூட்டி வைக்கும் நாம், பல்லின் படத்தை வைத்தியசாலை வாசலிலேயே மறந்துவிட்டு வருகின்றோம். ஒரு படத்தைக்கொண்டு "நிழல் இருக்கின்றது" என்று மாத்திரமே சொல்ல முடியும். ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தாற்றான் அந்நிழல் வளர்கின்றதா, நின்ற இடத்தில் நிற்கின்றதா என்பது தெரியும். வளராத நிழலைத் துளைக்க எந்த வைத்தியரும் அவசரப்படத் தேவையில்லை.

நோவில்லாத பல்லை அடைக்கவேண்டும் என்று சொல்லப்படுமாயின், "ஐயா, இது மிளிரியில் நிற்கின்றதா, பன்முதலுக்குள் இறங்கிவிட்டதா?" என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார். திரையிற் காட்டி விளக்குவார். பொறுத்துப் பார்த்தால் என்ன நேரும் என்றும் கேளுங்கள். பல பற்களை ஒரேயடியாகச் செய்யவேண்டும் என்றாற் கட்டாயம் இன்னொருவரிடமும் காட்டுங்கள். காட்டும்போது, முன்னவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லாதிருப்பது உத்தமம். சொன்னால் இரண்டாமவர் கண் தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடும். நாங்கள் இதனை அறியாது, போன கையோடு எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டோம்.

படமெடுத்தாற் கதிர் தாக்குமே என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல். பல்லுக்கெனச் சிறிய படமொன்றை எடுக்கும்போது உடலிற் சேரும் கதிரின் அளவு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு நாளிலே இயற்கையாக நம்மை வந்தடையும் அளவை ஒத்ததே. கெல்ஸ் பட்ட துன்பத்தை நினைத்து இன்றைய படத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் காரணமின்றி எடுப்பிக்கவும் வேண்டியதில்லை.

எங்கள் கதையின் மிகுதியையும் சொல்லிவிடுகின்றேன். ஆறு மாதம் பொறுத்து, இரண்டாவது வைத்தியரிடமே மீண்டும் சென்றோம். இம்முறை கதிரை நேராக விழச் செய்து, இருபுறமும் கடித்துப் பிடிக்கும் படங்களை எடுத்தார். கீழ்க் கொடுப்பிற் தெரிந்த நிழல் போன இடம் தெரியவில்லை. பற்களிரண்டும் தனித்தனியே வெள்ளை வெளேரென்று நின்றன. என் இல்லாள் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

வைத்தியர் புன்னகை செய்யவில்லை. அவர் இடப்பக்கத்து மேற்பல்லொன்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு ஒரு கண்ணாடியை வாயினுள் விட்டு, காற்றை ஊதி அப்பல்லை உலர்த்திப் பார்த்தார். "அம்மா, இது பன்முதலுக்குள் நன்றாக இறங்கிவிட்டது. இன்றே அடைப்பது நல்லது" என்றார். அன்று நோவெடுத்தது வலப்பக்கம் என்பதால் முதல் வைத்தியர் இடப்பக்கத்தைப் படமெடுக்கவேயில்லை. இவரும் அன்று அப்பல்லைக் கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதனை அவர் தாமாகவே எமக்கு நினைவூட்டி, "நான் அன்று இதனைத் தவறவிட்டுவிட்டேன்" என்று சொன்னார்.

என் இல்லாள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு நாற்காலியிற் சாய்ந்து வாயைத் திறந்தாள். அடைப்பதற்கு முக்கால் மணி நேரம் சென்றது. வீடு வந்ததும் இரண்டு படங்களையும் ஓர் உறையிலிட்டு, திகதி எழுதி, அலுமாரியிலே எங்கள் விவாகப் பதிவுப் பத்திரத்துக்குக் கீழே வைத்தாள்.